பதினேழாம் மேசை

மார்ச் 3

மேசைக்காரிக்கு,

இங்கே பதினொரு நாளாக மழை. எங்கே என்று எழுதக் கூடாது. எழுதினாலும் கேப்டன் கறுப்பு மையால் அடித்துவிடுவார். இங்கிருந்து போகிற கடிதங்களை எல்லாம் அவர்தான் படித்து ஒட்டுகிறார். வருகிற கடிதங்களைத் தொடுவதில்லை. இடத்தின் பெயரும் ஆட்களின் எண்ணிக்கையும் மட்டும்தான் அவர் கண்ணில் படும், புலம்பலை விட்டுவிடுவார். மனுஷன் தானும் புலம்புகிறவர்தான். (ஐயா, வணக்கம்.)

புலம்பலுக்கு வருகிறேன். எங்களில் பாதிப் பேருக்கு இன்னும் பூட்ஸ் வரவில்லை. கான்வாஸ் ஷூவோடு சேற்றில் நடக்கிறோம். எனக்குப் பக்கத்துப் படுக்கைக்காரனை நெட்டையன் என்று கூப்பிடுகிறோம். அவன் அளவுக்குக் கான்வாஸ் ஷூ கூட இல்லை. முன்பக்கத்தை வெட்டி விரல்களை வெளியே விட்டிருக்கிறான். "காத்தோட்டமா இருக்குடா, நீயும் வெட்டிக்கோ" என்கிறான். விரலெல்லாம் ஊறிப்போய் வெளுத்துக் கிடக்கிறது. சிரிக்காமல் இருந்தால் அழ வேண்டியதுதான்.

அங்கே தொழிற்சாலையில் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்? எனக்குத் தெரியும். பதினேழாம் மேசையில் நீ உட்கார்ந்து ஒவ்வொரு பூட்ஸையும் மூன்று தடவை வளைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். விரலுக்கு ஒன்று, நடுவுக்கு ஒன்று, குதிகாலுக்கு ஒன்று. நான் சோல் ஒட்டும் மிஷினுக்கு வந்த முதல் வாரம் ஒன்பது ஜோடியில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டுத் திருப்பி அனுப்பினாயே, ஞாபகம் இருக்கிறதா? "ஏங்க, நான் ஒட்டினது உங்களுக்கு மட்டும்தான் பிடிக்கலையா?" என்று சண்டைக்கு வந்தேன். நீ தலையைத் தூக்காமல் "பசை காயலை" என்றாய். அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் பசை காயும்வரை சும்மா நிற்கப் பழகினேன். அந்தப் பொறுமையைப் பார்த்துத்தான் என்னைக் கட்டிக்கொண்டதாக நீ என் அக்காவிடம் சொன்னாய் என்று கேள்வி.

எல்லாம் சரி. இப்போது கொஞ்சம் கையை ஓட்டு. நீ வளைத்து முடிப்பதற்குள் இங்கே சண்டையே முடிந்துவிடும்.

பாப்பாவுக்கு முத்தம். அக்காவுக்கு வணக்கம், தூரத்திலிருந்து.

உன் மிஷின்காரன்


மார்ச் 15

வீட்டில் இல்லாத வீட்டுக்காரருக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் அக்கா அதை இரண்டு தடவை சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "தூரத்திலிருந்துன்னா என்ன அர்த்தம்?" என்று கேட்டார். நீங்களே வந்து சொல்லிக்கொள்ளுங்கள்.

பாப்பா வாசலில் கிடக்கும் செருப்புகளை எல்லாம் வளைத்துப் பார்த்து, பிடிக்காததைத் தெருவில் எறிகிறாள். நேற்று பக்கத்து வீட்டுக்காரருடையது போயிற்று. பல் விழுந்த இடத்தில் புதுப் பல் எட்டிப் பார்க்கிறது.

தொழிற்சாலையில் இரண்டு ஷிப்டாக இருந்தது மூன்று ஷிப்டாகிவிட்டது. சூப்பர்வைசருக்கு எல்லாரும் "அவசரம்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பசை தடவியதைக் காயவைக்கும் ரேக்கில் நாற்பது நிமிஷம் நிற்க வேண்டியது, இப்போது பத்து நிமிஷம் நிற்கிறது. நான் போய்க் கேட்டேன். மேசையில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி அவர் சொன்னார்: "உன் புருஷன் அங்க வெறுங்காலோட நிக்கிறான், நீ இங்க வளைச்சு வளைச்சு விளையாடுறியா?"

பதினைந்து வருஷத்தில் அந்த ஆள் சொன்னதைக் கேட்டுத் திரும்பி வந்து மேசையில் உட்கார்ந்தது அது ஒன்றுதான். அதற்கு இரண்டு நாள் கழித்து உங்கள் கடிதம் வந்தது.

நீங்கள் கேட்ட வேகம் வந்துவிட்டது. எப்படி என்று கேட்க வேண்டாம். பூட்ஸ் புறப்பட்டுவிட்டது. காலை ஈரத்தில் வைத்துக்கொண்டு இருக்காதீர்கள்.

நான்தான்


ஏப்ரல் 8

பூட்ஸ் வந்தது.

வந்த அன்றைக்கு ஆட்டம் போட்டோம். நெட்டையனுக்குக் கூட அளவு இருந்தது. அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினான். ஒன்பதாம் நாள் அவனுடைய வலது சோல் முன்னாலிருந்து வாயைத் திறந்தது. கம்பியால் சுற்றிக் கட்டினான். மேலும் இரண்டு நாள் முழங்கால் தண்ணீரில் நடந்தோம். உடைந்த வேலியின் ஆணி ஒன்று திறந்த இடத்தின் வழியாக உள்ளே ஏறியது. "ஒண்ணும் இல்லடா, ஆணிக்கும் ஒதுங்க ஒரு இடம் வேணாமா?" என்று சிரித்தான். நான்காம் நாள் கால் கறுத்துவிட்டது. நேற்று அவனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அவனுடைய பூட்ஸை எடுத்துப் பார்த்தேன். எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, பதினோரு வருஷம் அந்த மிஷினில் நின்றவன். பசை தோலைப் பிடிக்கவே இல்லை. பாலில் ஆடை உரிகிற மாதிரி மொத்தமாக உரிந்து வந்தது. காய்வதற்கு முன்னால் அழுத்தியது. குருடன் வளைத்திருந்தால்கூடக் கண்டுபிடித்திருப்பான்.

நாடாவை அவிழ்த்து, அதற்கு அடியிலிருந்த தோல் நாக்கைத் திருப்பினேன். உள்பக்கம் நம் தொழிற்சாலை முத்திரை. அதற்குக் கீழே மேசை எண். 17.

என் பூட்ஸைப் பார்த்தேன். 17. எதிரே இருந்தவனுடையதைக் கழற்றச் சொல்லிப் பார்த்தேன். 17.

நீ வளைத்தாயா? ஒரு வரியில் பதில் எழுது. ஆமாம் என்றோ இல்லை என்றோ.


ஏப்ரல் 19

இல்லை.

நீங்கள் கேட்ட ஒரு வரியை எழுதிவிட்டேன். இனி எழுதுவது நீங்கள் கேட்காதது.

முப்பது வேலை நாட்கள் நான் எதையும் வளைக்கவில்லை. பூட்ஸை எடுத்து, தையலைப் பார்த்து, நாக்கில் முத்திரை குத்திப் பெட்டியில் போட்டேன். யாரும் என் கையைப் பிடித்துக் குத்தவில்லை. உங்கள் மார்ச் மூன்றாம் தேதிக் கடிதம் அந்த நாட்களில் என் மேலங்கிப் பையில் இருந்தது. அதைச் சாக்காகச் சொல்ல மாட்டேன். ஆனால் அது அங்கே இருந்தது.

உங்கள் கால் சேற்றில் நிற்பதாக நினைத்துக்கொண்டு குத்தினேன். வேறு யார் காலையும் நினைக்கவில்லை. இது எனக்குப் பெருமையான விஷயம் அல்ல.

உங்கள் கடிதம் நேற்றுக் காலை வந்தது. படித்துவிட்டு வேலைக்குப் போனேன். முதல் பூட்ஸை எடுத்து மூன்று தடவை வளைத்தேன். திறந்தது. பெருக்கல் குறி. இரண்டாவது, திறந்தது. மதியத்துக்குள் நூற்றறுபதில் நூற்றுப்பன்னிரண்டு பெருக்கல் குறி. மேசைக்குப் பின்னால் குவியல் என் தோள் உயரத்துக்கு வந்தபோது அவசரம் வந்தார்.

"என்ன இது?"

"பசை காயலை."

"காயலைன்னா காயும். பெட்டியில போறப்போ காயும்."

"கால்ல காயாது, சார்."

"சரி, நீ வீட்டுக்குப் போ. முத்திரையை இங்க வை. வேற ஆள் குத்தட்டும்."

"இந்த எண் என் பேர்ல இருக்கு. கையெழுத்துப் போட்டு வாங்கினது. வேற ஆள் குத்தணும்னா வேற எண் கொடுங்க."

அவர் கையை நீட்டினார். நான் முத்திரையைச் சாப்பாட்டு டப்பாவில் போட்டு மூடி, டப்பாவைப் பையில் வைத்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, எல்லா மேசைகளையும் தாண்டி வாசல்வரை நடந்தேன். 

வீட்டில் உங்கள் அக்கா டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "என்ன இது, சாப்பிடுற சாமானா? அடுப்புல போட்ரலாமா?" என்றார். வேண்டாம் என்றேன். அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறார். உங்கள் அக்கா சாமான்களை ஒளித்துவைக்கும் இடங்களை நான் இனிக் கேலி செய்ய மாட்டேன்.

நெட்டையன் கால் என்ன ஆயிற்று? அதையும் ஒரு வரியில் எழுதுங்கள்.


ஏப்ரல் 21
(அஞ்சலில் போகாது. கையில் கொடுத்தனுப்புகிறேன்.)

மேசைக்காரிக்கு,

இதைக் கொண்டுவருகிறவன் நெட்டையன். கேப்டன் கண்ணில் படக் கூடாது என்பதால் அவனுடைய கட்டுத்துணிக்குள் வைத்து அனுப்புகிறேன். பக்கத்து மருத்துவக் கூடாரத்திலிருந்து இன்றைக்கு அவனை ஊர் ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள்; அங்கே எத்தனை நாள் வைத்திருப்பார்களோ, எப்போது வருவானோ தெரியாது. வலது கால் கணுக்காலுக்கு மேலே போய்விட்டது.

போன கடிதத்தை நான் கொடுத்த அன்றைக்கே கேப்டன் கூப்பிட்டு அனுப்பினார். திட்டுவார் என்று போனேன். அவர் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "நீதானய்யா எழுதினே, கையை ஓட்டுன்னு. நான்தானே படிச்சேன்" என்றார். அவ்வளவுதான். ஒட்டி அனுப்பிவிட்டார். நான் வெளியே வந்து மழையில் நின்றேன். நீ என்ன செய்தாய் என்று கேட்டவன், நான் என்ன கேட்டேன் என்பதை மறந்துவிட்டேன்.

இப்போது விஷயம். பூட்ஸைப் பற்றி விசாரணைக்கு மேலிடத்திலிருந்து ஆள் வருகிறார்களாம். எண்ணைப் பார்த்து ஆளைப் பிடிப்பார்கள். எனக்கு அந்த சூப்பர்வைசரைத் தெரியும். ரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை வராது, மேசையோடு நின்றுவிடும். அதனால் எங்கள் பிரிவில் 17 இருந்த பூட்ஸில் எல்லாம் நாக்கிலிருந்து முத்திரைத் துண்டை வெட்டி எடுத்துவிட்டேன். முப்பத்தொரு துண்டு. ஒருத்தன் கேட்டான், "ஏண்டா நாக்கை வெட்டுறே?" என்று. "உறுத்துது, அதான்" என்றேன். உடனே நாலு பேர் தங்களுக்கும் உறுத்துவதாகச் சொல்லி வெட்டச் சொன்னார்கள்.

துண்டுகளை எரிக்கத்தான் நினைத்தேன். ஏனோ எரிக்கவில்லை. பிஸ்கட் டின்னில் கிடக்கின்றன.

இனி யாராலும் உன் பக்கம் விரல் நீட்ட முடியாது. நீ வாயைத் திறக்காதே. கேட்டால் எல்லாம் வளைத்தேன் என்று சொல். ஜூன் இரண்டாம் வாரம் எனக்கு விடுப்பு. பன்னிரண்டு நாள். வந்து பேசிக்கொள்வோம்.

மிஷின்காரன்


மே 3

வீட்டுக்காரருக்கு,

என் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. கோபமா, மழையா தெரியவில்லை. எதுவானாலும் இதைச் சொல்லிவிட வேண்டும்.

விசாரணைக்கு ஒரு அம்மா வந்திருந்தார். என் வயது இருக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். எல்லா மேசைக்காரிகளையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார். உள்ளே போன எல்லாரும் வளைத்தோம் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். என் முறை வந்தது. நான் முத்திரையை அவருக்கு முன்னால் வைத்தேன்.

"பதினேழு என்னோடது, மேடம். முப்பது நாள் வளைக்காமக் குத்தினேன். ரேக்கை நாப்பதுலேர்ந்து பத்தாக் குறைச்சது சூப்பர்வைசர். தெரிஞ்சும் குத்தினது நான்."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "யோசிச்சுச் சொல்லுங்க. இதுல கையெழுத்துப் போட்டா உங்க வேலைக்கு நான் பொறுப்பில்லை."

"யோசிக்காமப் பண்ணினதுதான் அந்த முப்பது நாள். இப்ப யோசிச்சுத்தான் வந்திருக்கேன்."

"ஆதாரம்?"

"பூட்ஸ்தான். களத்துல இருக்கு. நாக்கைத் திருப்பிப் பாருங்க."

கையெழுத்துப் போட்டேன். காகிதத்தின் அடியில் சிறிய எழுத்தில் அச்சடித்திருந்தது: போர்க்கால உற்பத்தியைப் பற்றிப் பொய் வாக்குமூலம் கொடுத்தால் சிறை. எனக்குப் பயமாக இல்லை. நான் சொன்னதில் பொய் இல்லை, எண் அந்தத் தோலில் இருக்கிறது. என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வாசலில் அவசரம் சொன்னார்: "பார்த்துக்கலாம்." நானும் அதையே சொன்னேன்.

வீட்டில் இருக்கிறேன். பகல் இவ்வளவு நீளம் என்று இப்போதுதான் தெரிகிறது. உங்கள் அக்காவும் நானும் இரண்டு வேளைக்கு ஒருமுறை சண்டை போடுகிறோம். உடம்புக்கு நல்லதுதான் போலிருக்கிறது.

நான்தான்


மே 18

உங்களுக்கு,

காலையில் ஒரு கடிதமும் மாலையில் ஒரு ஆளும் வந்தார்கள்.

காலையில் வந்தது விசாரணை அலுவலகக் கடிதம். களத்தில் புகார் வந்த பிரிவில் பூட்ஸ்களைச் சோதித்தார்களாம். பழுதானவற்றில் எந்தத் தொழிற்சாலை முத்திரையும் இல்லையாம். அவை வேறு எங்கோ செய்தவையாக இருக்கலாம் என்று எங்கள் நிர்வாகம் எழுதிக் கொடுத்துவிட்டது. சூப்பர்வைசர் மேலுள்ள பகையில் நான் பொய் சொன்னதாக முடிவு. ஜூன் பத்தாம் தேதி வந்து பதில் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் சிறை.

நாள் முழுக்க உட்கார்ந்து யோசித்தேன். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. எண்ணைக் குத்தினேனா, கனவு கண்டேனா?

மாலையில் கதவு தட்டும் சத்தம். கதவின் உயரத்துக்கு ஒருவர். அக்குளில் கட்டை. தோளில் ஒரு பை, அதில் ஒரே ஒரு பூட்ஸ்.

"அண்ணி, நான்தான் நெட்டையன். ஆஸ்பத்திரியில நாலு வாரம் படுக்கப் போட்டுட்டாங்க, இல்லேன்னா முன்னாடியே வந்திருப்பேன். உள்ள வரலாமா, இல்ல பூட்ஸை வளைச்சுப் பாத்துட்டுத்தான் விடுவீங்களா?"

நான் அவர் காலைப் பார்த்தேன். "அது நான் குத்தினது" என்றேன்.

"தெரியும். உங்க வீட்டுக்காரர் அழுதுக்கிட்டே சொன்னாரு. நான்தான் அவரைத் தேத்த வேண்டியதாப் போச்சு, கால் போனது எனக்கு." சிரித்துவிட்டு நிறுத்தினார். "கோபம் இல்லைன்னு சொல்ல மாட்டேன், அண்ணி. இருக்கு. ஒரு வாய் தண்ணி கொடுங்க, அதையும் வெச்சுக்கிட்டே குடிக்கிறேன்."

கொடுத்தேன். குடித்தார். பிறகு உங்கள் கடிதத்தைக் கொடுத்தார்.

படித்தேன். நீங்கள் எதிரே இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. நான் உண்மையைச் சொல்லி, போய்ப் பாருங்கள் என்று கைகாட்டிய இடத்தில் நீங்கள் ஓட்டை போட்டு வைத்திருக்கிறீர்கள். என்னைக் கேட்காமல் என்னைக் காப்பாற்றியிருக்கிறீர்கள்.

திட்டி நாலு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். ஏனென்றால் நானும் அதையேதான் செய்தேன். உங்களைக் கேட்காமல் உங்கள் காலைக் காப்பாற்றப் போய் இவர் காலைப் போக்கினேன். இருவருக்கும் ஒரே வியாதி.

இனி அப்படி வேண்டாம். கேட்டே சொல்கிறேன். அந்த டின்னைக் கேப்டனிடம் கொடுங்கள். அரசாங்கப் பூட்ஸை வெட்டியதற்கு உங்களுக்குத் தண்டனை வரும். விடுப்பு போகும். பாப்பா சுவரில் ஜூன் மாதத்துக்குக் கோடு போட்டு அழித்துக்கொண்டிருக்கிறாள், அவளுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். சிறைக்குப் பயந்து கேட்கவில்லை. ரேக் இன்னும் பத்து நிமிஷத்தில்தான் நிற்கிறது. பதினெட்டாம் மேசைக்காரி வந்து சொன்னாள். நான் பொய்க்காரி என்று முடிவானால் அது அப்படியே நிற்கும்.

இதைக் கேப்டன் பிரித்துப் படித்தாலும் எனக்குக் கவலை இல்லை. ஐயா, நீங்களும் அந்தப் பூட்ஸைத்தானே போட்டிருக்கிறீர்கள்?

நெட்டையன் தன் பூட்ஸை நம் வீட்டில் விட்டுப் போயிருக்கிறார். பத்தாம் தேதி என்னோடு வருகிறாராம்.

நான்தான்


மே 30

மேசைக்காரிக்கு,

உன் இரண்டு கடிதங்களும் மழையில் தேங்கி முந்தாநாள்தான் ஒன்றாகக் கிடைத்தன. ஏப்ரலில் எழுதியது, மே மூன்றில் எழுதியது. மூன்றாவது நேற்று வந்தது. வரிசையாகப் படித்தேன். ஒவ்வொன்றிலும் நான் இன்னும் கொஞ்சம் முட்டாளாகிக்கொண்டே வந்தேன்.

நேற்றே டின்னை எடுத்துக்கொண்டு கேப்டனிடம் போனேன். மேசைமேல் கொட்டினேன்.

"என்னய்யா இது?"

"நாக்கு, சார். முப்பத்தொண்ணு. நான்தான் வெட்டினேன்."

அவர் ஆச்சரியப்படவில்லை. "பதினேழுன்னு உன் கடிதத்துல படிச்சவன் நான். அடுத்த வாரம் ஒரு பூட்ஸ்லயும் நாக்கு முழுசா இல்ல. எனக்குப் புரியாதுன்னு நெனச்சியா?"

"அப்போ ஏன் கேக்கலை, சார்?"

"கேட்டா எழுதணும். எழுதினா நடவடிக்கை எடுக்கணும். இருக்கிற ஆள்ல ஒருத்தனைக் குறைக்கணும்." துண்டுகளைப் புரட்டிப் பார்த்தார். "இப்ப நீயே வந்து கொட்டிட்டே. இனி எழுதாம முடியாது. எடுத்துக்கிட்டுப் போறியா? நான் பார்க்கலைன்னு சொல்றேன்."

"எழுதுங்க, சார்" என்றேன். "என் பொண்டாட்டி எழுதிட்டா. நான் எழுதாம இருந்தா வீட்டுக்குப் போக முடியாது."

எழுதினார். பிறகு எல்லாரையும் பூட்ஸோடு வரிசையாக நிற்கவைத்து ஒவ்வொரு துண்டாகப் பொருத்திப் பார்த்தோம். என் கத்தி எங்கே நடுங்கியது என்பதுகூடப் பொருந்தியது. முப்பது துண்டுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஒன்று மிச்சம். "இது யாருது?" என்றார். "அதோட பூட்ஸ் எங்க வீட்டுல இருக்கு, சார்" என்றேன்.

முப்பத்தொன்றையும் அவருடைய அறிக்கையோடு சேர்த்து ஆள் மூலம் அனுப்பியிருக்கிறார். பத்தாம் தேதிக்குள் போய்ச் சேரும். என் தோள்பட்டையில் இருந்த ஒரு பதவிப் பட்டையைப் பிடுங்கிவிட்டார்கள். மூன்று வாரம் குழி தோண்ட வேண்டும். விடுப்பு ரத்து. இந்த வருஷத்துக்கே ரத்து.

பாப்பா சுவரில் போட்ட கோடுகளை அழிக்காதே. கூடப் போடச் சொல்.

கையில் கொப்புளம். எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான், வேறு எதனாலும் இல்லை.

மிஷின்காரன்


ஜூன் 24

வீட்டுக்காரருக்கு,

பத்தாம் தேதி நெட்டையனும் நானும் போனோம். உங்கள் அக்காவும் வந்தார். வேண்டாம் என்றேன். "என் தம்பி வெட்டினது, நான் வராம யார் வருவா?" என்றார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் ஷூவை எல்லாம் முறைத்துக்கொண்டிருந்தார்.

நிர்வாகத்தின் சார்பில் ஒருவர், அந்தத் துண்டுகளை யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் வெட்டியிருக்கலாம் என்றார். நெட்டையன் கட்டையை ஊன்றி எழுந்து, தன் பூட்ஸை மேசைமேல் வைத்தார். சேறு காய்ந்து உதிர்ந்தது. விசாரணை நடத்திய அந்த அம்மா துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று. சரியாக உட்காரவில்லை. பதினான்காவது துண்டு உட்கார்ந்தது. மேல் ஓரத்தில் ஒரு சின்னப் பிசிறு, அதுகூட. நம் முத்திரை. கீழே 17.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். இந்தத் தடவை துடைக்கவில்லை.

"வளைச்சுக் காட்டுங்க" என்றார் என்னிடம். அன்றைக்கு ஒட்டிய புதுப் பூட்ஸ் ஐந்து ஜோடியைத் தொழிற்சாலையிலிருந்து எடுத்துவரச் சொல்லியிருந்தார். வளைத்தேன். நாலு ஜோடி அவர் கண்ணெதிரே திறந்தது.

முடிவு இது. ரேக் மறுபடி நாற்பது நிமிஷம். வளைக்காமல் எதுவும் பெட்டிக்குள் போகக் கூடாது. பொய் சொன்னதாக என் மேல் வழக்கு இல்லை. ஆனால் தெரிந்தே குத்தியதற்கு பதினைந்து வருஷப் பணிமூப்பும் போய்விட்டது. நேற்றுச் சேர்ந்த பெண்ணுக்குக் கீழே உட்காருகிறேன். சரிதான், நான் எதிர்த்துப் பேசவில்லை. அவசரத்தை வேறு தொழிற்சாலைக்கு மாற்றிவிட்டார்கள். இதைவிடப் பெரிய தொழிற்சாலை. நியாயத்தைப் பற்றி உங்களுக்கு ஏதாவது நம்பிக்கை மிச்சமிருந்தால் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், என்னிடம் கேட்காதீர்கள்.

அவர் போகும் வழியில் என் மேசைக்கு முன்னால் நின்றார். "திருப்திதானே?" என்றார். "இன்னும் நூத்தி நாப்பது ஜோடி பாக்கி, சார், வழி விடுங்க" என்றேன்.

பதினேழை என் கண்முன்னால் சுத்தியலால் உடைத்தார்கள். புது எண் 52, வாசலுக்குப் பக்கத்து மேசை. காற்று வருகிறது, தூசியும் வருகிறது.

அடுத்த மாதம் உங்கள் பக்கம் 52 வரும். வந்தால் வளைத்துப் பாருங்கள். மூன்று தடவை. உங்கள் பெண்டாட்டியின் எண் என்பதற்காக ஒரு தடவைகூடக் குறைக்காதீர்கள். நம்பிக்கையால் வந்தது போதும்.

பாப்பா கோடு போட்டுக்கொண்டிருக்கிறாள். சுவர் இன்னும் நிறைய இருக்கிறது.

நான்தான்


ஆகஸ்ட் 2

மேசைக்காரிக்கு,

52 வந்தது.

பெட்டியை உடைத்ததும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கேப்டனும் பார்த்தார். யாரையும் கால் நுழைக்க விடவில்லை. ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து நாற்பது ஜோடியையும் வளைத்தேன். விரலுக்கு ஒன்று, நடுவுக்கு ஒன்று, குதிகாலுக்கு ஒன்று. மழையில் வரிசையாக நின்றுகொண்டு என்னைத் திட்டினார்கள். "டேய், பொண்டாட்டி செஞ்சதையே நம்ப மாட்டியா?" என்று ஒருத்தன் கத்தினான். "அவதான்டா நம்பாதேன்னு எழுதியிருக்கா" என்றேன்.

எண்பது சோலில் ஒன்றுகூடத் திறக்கவில்லை.

ஆனால் ஒரு ஜோடியைத் திருப்பி அனுப்புகிறேன். சாக்பீஸ் கிடைக்கவில்லை, கரிக்கட்டையால் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். சோல் உறுதி, தையல் உறுதி, பசை நன்றாகக் காய்ந்திருக்கிறது. ஆனால் ஜோடி மாறி வந்திருக்கிறது, இரண்டும் இடது கால்.

கேப்டன் ஆட்சேபம் சொல்லவில்லை. பார்சலில் அவரே கையெழுத்துப் போட்டார். தொழிற்சாலைக்கு எடுத்துப் போக வேண்டாம். நெட்டையனிடம் கொடு, அவன் அளவுதான். அதில் 52 இருக்கிறது என்று சொல், வளைத்துப் பார்த்துவிட்டுப் போட்டுக்கொள்ளச் சொல். ஒன்று தேய்ந்தால் இன்னொன்று இருக்கிறது.

மிஷின்காரன்